சந்தனமா, பீச்சா: ஹாலுக்கு எந்த க்ரீம்?

மதுரையில் புது ஃப்ளாட், மூன்றாவது மாடி, ஹாலின் பால்கனி மேற்குப் பார்த்தது. தரை ஐவரி நிற விட்ரிஃபைடு டைல்ஸ், தலைவாசல் தேக்கு, பழைய வீட்டிலிருந்து வரப்போகிற மெரூன் சோபா. பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமரும் அடித்தாகிவிட்டது. ஷேட் நம்பர் சொல்லுங்கள் என்று பெயின்டர் காத்திருக்கிறார். கையில் இரண்டு க்ரீம். ஒன்றில் சந்தனச் சாயல், மற்றதில் பீச் சாயல். உங்களுக்குப் பீச் பிடித்திருக்கிறது, மாமியாருக்குச் சந்தனம், வீட்டுக்காரருக்கு 'இரண்டும் ஒண்ணுதானே'. மூன்று வாரமாக ராத்திரிச் சாப்பாட்டோடு இதே பேச்சு ஓடுகிறது, எதை அடிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். சந்தனம் அடியுங்கள், ஆனால் பில்டர் மாட்டிக் கொடுத்திருக்கும் வெள்ளை டியூப்லைட்டுகளை மாற்றுவதாக இருந்தால். அதை மாற்ற மாட்டோம் என்றால் பீச். டைல்ஸை ஒருமுறை சோதித்துப் பார்த்த பிறகு இந்தப் பதில் தலைகீழாகவும் போகலாம், அந்தச் சோதனையையும் சொல்கிறேன்.

இருபது வருடத்துக்கு மேலாக வீடுகளுக்குப் பெயின்ட் வேலை எடுத்துச் செய்கிறேன். பச்சையா நீலமா என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிடுவார்கள். பக்கத்துப் பக்கத்து க்ரீம் இரண்டைக் கையில் கொடுத்தால்தான் குடும்பமே தூக்கத்தைத் தொலைக்கிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, உண்மையிலேயே கஷ்டமான கேள்வி அது. அழுத்தமான நீலம் எந்த வெளிச்சத்திலும் நீலமாகவே நிற்கும். க்ரீம் அப்படி நிற்காது. அதில் இருப்பது பெரும்பகுதி வெள்ளை, கொஞ்சூண்டு நிறம். எதிரே இருக்கிற தரை, ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மரம், மேலே எரிகிற விளக்கு எல்லாம் சேர்ந்து அந்தக் கொஞ்சூண்டைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் எந்த க்ரீம் அழகு என்று கடையில் நின்று யோசித்துப் பயன் இல்லை. உங்கள் ஹாலில் அந்தச் சுவரை யார், எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் பார்க்கப் போகிறார்கள் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு எண்ணைப் பார்த்துவிடுங்கள். ஷேட் கார்டிலோ கம்பெனியின் இணையதளத்திலோ பல ஷேடுகளுக்கு எல்ஆர்வி என்று ஒன்று போட்டிருப்பார்கள். தன் மேல் விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தைச் சுவர் திருப்பிக் கொடுக்கிறது என்பதுதான் அது. முழுக் கறுப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. உங்கள் இரண்டு ஷேடும் 74, 75 என்று ஒட்டி வந்தால் வெளுப்பில் வித்தியாசம் இல்லை, சாயலில் மட்டும்தான். ஒன்று 78, இன்னொன்று 66 என்று வந்தால் கேள்வியே மாறிவிடுகிறது, நீங்கள் அழுத்தமானதா வெளுப்பானதா என்றுதான் இத்தனை நாள் பேசிக்கொண்டிருந்திருக்கிறீர்கள். பகல் வெளிச்சம் பால்கனிப் பக்கமிருந்து மட்டும் வருகிற ஹாலில் நான் 70க்குக் கீழே இறங்க மாட்டேன். உள்ளே டைனிங் டேபிள் போடுகிற மூலை பட்டப்பகலிலேயே லைட் கேட்கும்.

கடையில் கலர் கலக்கும் டிண்டிங் மெஷினுக்குக் கீழே டப்பாவைத் திறந்து வைக்கும்போது ஒருமுறை எட்டிப் பாருங்கள். வெள்ளை பேஸ் மேல் மஞ்சள் ஆக்சைடு விழும், கொஞ்சம் சிவப்பு ஆக்சைடு, சில ஷேடுக்குக் கறுப்பு ஓரிரு சொட்டு. பெரும்பாலான க்ரீம்கள் இந்த மூன்றின் கூட்டல் குறைச்சல்தான். மஞ்சள் தூக்கலாக இருந்தால் சந்தனம், சிவப்பு ஏறினால் பீச், கறுப்பு கூடினால் பிஸ்கட். இந்த ஆக்சைடு என்பது காவிக்கல்லில் இருக்கும் அதே சரக்கு. வெயிலுக்கும் தாங்கும், சிமென்ட் பூச்சின் காரத்துக்கும் தாங்கும். கோவில் மதிலில் வருடக்கணக்காக வெயிலில் காயும் காவிப் பட்டையைப் பார்த்தால் தெரியும். ஆகவே இரண்டில் எது சீக்கிரம் வெளுக்கும் என்று கேட்டிருந்தீர்களே, அந்தக் கவலையை விட்டுவிடலாம்.

இப்போது டைல்ஸ். ஐவரி என்பது டைல்ஸ் கடைக்காரர் வைத்த பெயர், அதை நம்பி முடிவு எடுக்கக் கூடாது. ஒரு வெள்ளை ஏ4 தாளை எடுத்துத் தரையில் போடுங்கள், பகல் 11 மணி வாக்கில், லைட்டை அணைத்துவிட்டு. வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்ததும் டைல்ஸின் உள்சாயல் தானாக வெளியே வரும். சிலது மோர் நிறத்தில் மஞ்சள் பக்கம் சாயும், சிலது பவுடர் பூசினதுபோல ரோஸ் பக்கம் சாயும், அபூர்வமாகச் சிலது சாம்பல் பக்கம் போகும். உங்கள் தரை மஞ்சள் பக்கம் என்றால் சந்தனம் அதோடு ஒட்டிப்போகும், பீச் அடித்தால் சுவர் இளஞ்சிவப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும், தரை பழைய கோரைப் பாய் மாதிரி அழுக்காகத் தெரியும். ரோஸ் பக்கம் என்றால் நேர்மாறாக, சந்தனச் சுவர் பக்கத்தில் வந்ததும் தரையில் இருக்கிற ரோஸ் எடுப்பாகிவிடும், அப்போது பீச்தான் சரி. நான் மேலே சந்தனம் என்று சொன்னது உங்கள் தரை மஞ்சள் பக்கம் சாய்வது என்று வைத்துக்கொண்டுதான். சுவரை ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை மாற்றலாம். டைல்ஸை யாரும் பெயர்க்கப் போவதில்லை, ஆகவே அது சொல்வதைத்தான் சுவர் கேட்க வேண்டும்.

தரை சுவரை என்ன செய்யும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டது காரைக்குடியில், ஒரு பழைய வீட்டில். நடுக்கூடத்தில் சிவப்பு ஆக்சைடு தரை, மூன்று தலைமுறை கால் பட்டுக் கண்ணாடி மாதிரி இருக்கும். சுவருக்குப் பீச் கலந்த க்ரீம் அடித்தோம். காலையில் வேலை முடிந்தபோது ரொம்ப நன்றாக இருந்தது. மத்தியானம் வளவில், அதாவது நடு முற்றத்தில், வெயில் இறங்கித் தரையில் பட்டதும், இடுப்பு உயரம் வரைக்கும் சுவர் முழுக்கச் செம்பருத்தி கரைத்து ஊற்றின மாதிரி சிவந்துவிட்டது, அதற்கு மேலே வெறும் க்ரீம். அந்த வீட்டு ஆச்சி தூணில் சாய்ந்துகொண்டு, "ஏம்ப்பா, கீழ வேற பெயின்டா அடிச்சே?" என்று கேட்டார். தரையில் பட்ட வெயில் தரையின் நிறத்தையும் தூக்கிக்கொண்டு போய்ச் சுவரில் போடுகிறது, ஏற்கெனவே சிவப்புச் சாயல் உள்ள சுவர் அதை இரட்டிப்பாகக் காட்டுகிறது. மறுவாரம் என் செலவில் மஞ்சள் சாயல் க்ரீமுக்கு மாற்றினோம். தரையிலிருந்து ஏறிய சிவப்பு அதில் இதமாக அடங்கிவிட்டது. உங்கள் டைல்ஸ் வெளிர் நிறம், இத்தனை தூரம் போகாது. ஆனால் மேற்கு வெயில் பால்கனி வழியாகத் தரையில் படும்போது நடப்பது இதே கதைதான். பால்கனிக்கு வெளியே பக்கத்துக் கட்டடம் ஒட்டி நின்றால் அதன் சுவர் நிறத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வேப்பமரம் நின்றால் பச்சை உள்ளே வரும், சந்தனம் அந்தப் பச்சையைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளும்.

அடுத்து வெளிச்சம், இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். வெளிநாட்டுக் குறிப்புகளைப் படித்துவிட்டு வடக்கு அறை குளிர்ச்சியான வெளிச்சம், தெற்கு அறை சூடான வெளிச்சம் என்று சொல்வார்கள். லண்டனுக்கு அது சரி. மதுரை கிட்டத்தட்ட 10 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் இங்கே உச்சி வெயில் வடக்குப் பக்கம்தான் சாய்ந்து நிற்கும். வடக்கு ஜன்னலிலேயே நேர் வெயில் வரும் மாதங்கள் நமக்கு உண்டு. உங்கள் மேற்கு பால்கனிக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. சூரியன் மறையும் இடம் ஜூனில் நேர் மேற்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே நகர்ந்திருக்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. அதனால் கோடையில் சாயங்கால வெயில் சாய்ந்து வந்து ஹாலின் தெற்குச் சுவரைத் தொடும், மார்கழியில் வடக்குச் சுவரைத் தொடும். இன்றைக்கு ஒரு சுவரைப் பார்த்துவிட்டு இதுதான் நிறம் என்று முடிவு கட்டினால் ஆறு மாதத்தில் வேறு சுவர் வேறு கதை சொல்லும்.

அந்த நாலரை, ஐந்து மணி வெயில் செம்மஞ்சள் நிறமானது. அதில் சந்தனம் பொன்னிறமாக ஜொலிக்கும், பார்க்க நன்றாகவே இருக்கும். பீச் அதே வெயிலில் ஆரஞ்சாகக் கொதிக்கும். ஏற்கெனவே அனல் அடிக்கிற மேற்கு ஹாலில், ஏப்ரல் மே மாதத்தில், சுவரும் ஆரஞ்சாக இருந்தால் ஃபேன் போட்டாலும் புழுங்குகிற மாதிரி ஒரு நினைப்பு வரும். வெப்பமானி ஒரே அளவைத்தான் காட்டும், ஆனால் உட்கார்ந்திருக்கிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

ஆனால் அந்த நேரத்தில் அந்த ஹாலில் யார் இருக்கிறார்கள்? நீங்கள் இருவரும் வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு மேல்தான் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். பகல் முழுக்க, குறிப்பாக அந்தச் சாயங்கால வெயிலில், அங்கே உட்கார்ந்திருக்கப் போவது உங்கள் மாமியார். பகல் நிறம் அவருக்குச் சொந்தம், ராத்திரி நிறம் உங்களுக்குச் சொந்தம். நான் பகலுக்குச் சந்தனம் என்று சொல்வதில் அவருடைய பங்கு பெரியது. கூடவே ஒன்று, வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாகும், வேறுபாடு மெல்லமெல்ல வருவதால் யாருக்கும் தெரியாது. கண்புரை ஆபரேஷன் செய்துகொண்ட பிறகு, "வீட்டுச் சுவர் இவ்வளவு வெள்ளையா?" என்று ஆச்சரியப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிகிற அதே இரண்டு க்ரீம் அவருக்குத் தெரியவில்லை என்றால் அது பிடிவாதம் இல்லை. அவர் கண்ணுக்கு எது இதமோ அதைத்தான் கேட்கிறார்.

ராத்திரிக்கு வருவோம். நம் ஊரில் நிறைய வீடுகளில் எரிவது 6500 கெல்வின் வெள்ளை எல்இடி. வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண்தான் இந்தக் கெல்வின், குறைந்தால் மஞ்சள் பக்கம், கூடினால் நீலம் பக்கம். பெட்டியில் கூல் டேலைட் என்று போட்டிருக்கும். சுண்ணாம்பு அடித்த காலத்தில் கலவையில் கொஞ்சம் நீலம் போட்டுக் கலக்குவார்கள், வேட்டிக்கு நீலம் போடுகிறோமே அதே காரணம்தான், மஞ்சளை நீலம் அமுக்கிப் பளிச்சென்று வெள்ளையாகக் காட்டும். அந்த டியூப்லைட் செய்வதும் இதே வேலை. சந்தனச் சுவருக்குத் தினமும் ராத்திரி ஏழு மணிக்கு நீலம் போட்டுவிடும். மஞ்சளில் நீலம் விழுந்தால் என்ன ஆகும்? லேசாகப் பச்சை தட்டும். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவர் ஒரு சோகையான நிறத்தில் இருக்குமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பீச்சில் சிவப்பு இருப்பதால் அந்தப் பச்சைக்குப் போகாது, கொஞ்சம் வெளிறி ரோஸ் பவுடர் மாதிரி நிற்கும், அவ்வளவுதான். டியூப்லைட் மாறாதென்றால் பீச் என்று நான் சொன்னது இதனால்தான்.

மாற்றுவதென்றால் 4000 கெல்வின் போடுங்கள். வார்ம் ஒயிட் என்று விற்கும் 2700, 3000 வேண்டாமா என்றால், அது உட்கார்ந்து பேச அருமையாக இருக்கும், ஆனால் பிள்ளைகள் ஹாலில் படிக்கிற வீடு என்பதால் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது, கூடவே ஓரத்தில் ஒரு விளக்காக வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது சிஆர்ஐ எண்ணையும் பாருங்கள், பொருட்களின் நிறத்தை அந்த விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதைச் சொல்வது அது, 80 என்பது சாதாரணம், 90க்கு மேல் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். மலிவான எல்இடியில் ஆழ்ந்த சிவப்பு குறைவாக இருக்கும். அந்த வெளிச்சத்தில் பீச் சுவர் மட்டுமா, தேக்குக் கதவும், சோபாவும், சாப்பாட்டுத் தட்டில் இருக்கிற ரசமும்கூடக் களை இழந்துவிடும். ஹால் முழுக்க லைட் மாற்றுகிற செலவு, பிடிக்காத சுவரை மறுபடி அடிக்கிற கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.

சரி, சோதனையை எப்படிச் செய்வது. சுவரிலேயே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு கை அளவு தேய்த்துப் பார்ப்பார்கள், எல்லாப் பெயின்டரும் அதைத்தான் செய்வார். அது ஏமாற்றும். இரண்டு நிறங்களை ஒட்டி வைத்தால் கண் அவற்றின் வித்தியாசத்தைப் பெரிதுபண்ணிக் காட்டும். பாரீஸில் கோப்லான் நெசவாலையின் சாயப் பிரிவைக் கவனித்த ஷெவ்ரூல் என்ற வேதியியலாளரிடம், கறுப்புச் சாயம் சரியாக ஏறவில்லை என்று புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்த நூலின் நிறம்தான் கறுப்பை மங்கலாகக் காட்டியிருக்கிறது. அதை விரிவாக ஆராய்ந்து 1839ல் வெளியிட்டார். உங்கள் மூன்று வாரப் பேச்சுக்கும் இதுவே காரணம் என்பேன். ஷேட் கார்டில் இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்துப் பார்த்து, சந்தனம் கடும் மஞ்சளாகவும் பீச் கடும் ரோஸாகவும் உங்களுக்குப் பதிந்துவிட்டது. சுவரில் ஒன்று மட்டும்தான் வரப்போகிறது, ஒப்பிட இன்னொன்று அங்கே இருக்காது. வீட்டுக்காரர் 'இரண்டும் ஒண்ணுதானே' என்றது அந்த வகையில் முழுத் தப்பும் இல்லை.

ஆகவே இரண்டு ஷேடிலும் கிடைக்கிற மிகச் சின்ன டப்பா ஒன்று வாங்குங்கள். கெட்டியான சார்ட் அட்டை, இரண்டடிக்கு இரண்டடி, அதில் பிரைமர் ஒரு கோட், பெயின்ட் இரண்டு கோட், சுற்றி இரண்டு விரல் வெள்ளை ஓரம் விட்டு அடியுங்கள். பிரஷ் வேண்டாம், சுவருக்கு ரோலர் என்றால் அட்டைக்கும் ரோலர். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். எமல்ஷன் ஈரத்தில் வெளுப்பாகத் தெரியும், காய்ந்தால் ஒரு படி அழுந்தும், ஈரத்தைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். காய்ந்த அட்டையைத் தரையில் படுக்க வைத்துக் குனிந்து பார்ப்பதும் கூடாது. சுவரில் நிமிர்த்தி வையுங்கள், கீழ் ஓரம் டைல்ஸைத் தொடுகிற மாதிரி. ஒரு நாளைக்குச் சந்தனம் மட்டும், மற்றது பெட்ரூமில் சுவரைப் பார்த்துத் திரும்பி இருக்கட்டும். மறுநாள் பீச் மட்டும். காலை எட்டு, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஐந்து, ராத்திரி எட்டு என்று நான்கு முறை பாருங்கள். பகலில் நீங்கள் இருக்க மாட்டீர்கள் என்பதால் மாமியாரைப் பார்க்கச் சொல்லி, அவர் வாயால் என்ன நிறம் என்று சொல்கிறாரோ அதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ராத்திரி வாசலுக்கு வெளியே போய்விட்டு உள்ளே நுழைகிற அந்த முதல் பார்வைதான் கணக்கு. ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டால் கண் பழகிப்போய் எல்லா க்ரீமையும் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்.

ஃபோட்டோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக் கேட்பதை மட்டும் செய்யாதீர்கள். ஃபோன் கேமரா வெளிச்சத்தின் நிறத்தைத் தானே சரிசெய்துவிடும், நமக்கு வேண்டியதே அந்த நிறம்தான். அக்காவின் ஃபோன் திரை அதை இன்னொரு முறை மாற்றும். கடைசியில் அவர் பார்ப்பது மூன்றாவதாக ஒரு க்ரீம்.

அட்டையால் காட்ட முடியாத ஒன்று இருக்கிறது. நான்கு சுவரும் ஒரே நிறமாகும்போது ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றில் பட்டுத் திரும்ப, ஒவ்வொரு முறையும் நிறம் கொஞ்சம் ஏறும். அதனால்தான் கார்டில் மென்மையாக இருந்த பீச் அறை முழுக்க வந்ததும் நினைத்ததைவிட ஆழமாகிவிடுகிறது. இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறேன். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒன்றை எடுத்து, உள்பக்கம் நான்கு பக்கமும் அந்த ஷேடை அடித்து, அடியில் வெள்ளைத் தாள் போட்டு, ஒரு பக்கம் உள்ளங்கை அளவு ஜன்னல் வெட்டிவிடுங்கள். காய்ந்ததும் ஜன்னலைப் பால்கனிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு மேலே ஓரமாகக் கண்ணை வைத்துப் பாருங்கள். மூலைகளில் நிறம் எவ்வளவு கெட்டிப்படுகிறது என்று அப்படியே தெரியும். போன வருடம் ஒரு டீச்சர் வீட்டில் இதைச் செய்தோம். பெட்டிக்குள் குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை, "இது பீச் இல்ல சார், பஞ்சுமிட்டாய்" என்றார். அதே ஷேடில் பாதி அளவு கலர் போட்டுக் கலக்கச் சொன்னோம், பெட்டியில் மறுபடி அடித்துப் பார்த்தோம், அதுதான் இப்போது அவர் வீட்டு ஹால். உங்களுக்கும் பெட்டியில் எது அதிகமாகத் தெரிந்தாலும் ஷேடை மாற்ற வேண்டும் என்று இல்லை. ஷேட் கார்டில் அதே வரிசையில் ஒரு படி மேலே இருக்கிற வெளுப்பைக் கேளுங்கள்.

சோபாவும் கதவும் எதிரெதிராகப் பேசுகின்றன, அதையும் சொல்லிவிட வேண்டும். மெரூனுக்குப் பக்கத்தில் வருகிற எந்த வெளிர் நிறத்தையும் கண் லேசாகப் பச்சை பக்கம் தள்ளும், அதனால் சோபாவுக்குப் பின்னால் பீச் இருந்தால் அதன் ரோஸ் அடங்கி அழகான க்ரீமாக நிற்கும், சந்தனம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும். தேக்குக்குப் பக்கத்தில் இதற்கு நேர்மாறு. தேக்கில் மஞ்சளும் பழுப்பும் இருப்பதால் சந்தனம் அதோடு சொந்தம்போலச் சேர்ந்து மென்மையாகிவிடும், பீச் ரோஸாக எடுத்துக் காட்டும். இரண்டில் எதைக் கேட்பது என்றால் கதவைத்தான். சோபாவுக்கு உறை மாற்றலாம், நாலு வருடத்தில் சோபாவே மாறலாம். மாறும் வரைக்கும் சுவருக்கும் சோபாவுக்கும் நடுவில் க்ரீம் நிறத் திண்டு இரண்டு போட்டுவிட்டால் போதும்.

சீலிங்குக்கு எல்லாரும் பளீர் வெள்ளை அடிப்பார்கள், அந்த வெள்ளையில் பெரும்பாலும் ஒரு நீலச் சாயல் இருக்கும். அது தலைக்கு மேலே இருக்கும்போது கீழே இருக்கிற க்ரீம் இன்னும் மஞ்சளாக, சில சமயம் அழுக்காகவே தெரியும். சுவருக்கு எடுத்த அதே வரிசையில் கடைசியாக இருக்கிற, வெள்ளை என்றே சொல்லக்கூடிய ஷேடைச் சீலிங்குக்குப் போடுங்கள். செலவு பெரிதாக ஏறாது, பார்வைக்குச் செய்கிற உதவி பெரிது.

பெயின்டரிடம் பேச வேண்டியது இரண்டு. ஒன்று, வேறு கம்பெனியில் இதே நிறம் மலிவாகக் கலந்து தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை, கடை வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஆனால் உள்ளே போட்ட கலர் வேறு என்பதால் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போவது இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும், க்ரீமில் அந்தப் பிரிவு கண்ணில் குத்தும். இரண்டு, மொத்த டப்பாக்களையும் ஒரே நாளில் ஒரே மெஷினில் கலந்து வாங்கி, ஒரு பெரிய வாளியில் ஊற்றிச் சேர்த்துக் கலக்கிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு வித்தியாசம் அடர் நிறத்தில் தெரியாது, இந்த வெளுப்பில் தெரியும், அதுவும் இரண்டு டப்பா சந்திக்கிற இடம் சுவரின் நடுவில் வந்தால் கோடு போட்ட மாதிரி நிற்கும். மேற்கு வெயில் சாய்ந்து அடிக்கிற சுவர் என்பதால் ஷீன், அதாவது பளபளப்பு, அதிகம் உள்ள பெயின்ட்டையும் தவிர்த்துவிடுங்கள், பட்டியில் இருக்கிற மேடு பள்ளத்தை எல்லாம் அது வெளிச்சம் போட்டுக் காட்டும். மேட் அல்லது லேசான பளபளப்பு போதும், கழுவித் துடைக்கக்கூடிய மேட் இப்போது நிறையக் கிடைக்கிறது.

சோதனை எல்லாம் முடிந்தும் அட்டை இரண்டும் உங்கள் ஹாலில் ஒன்றுபோலவே தெரிந்தால், எல்ஆர்வி அதிகமாக உள்ளதை அடித்துவிடுங்கள், அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. இந்த வாரம் அட்டை அடித்தால் அடுத்த திங்கட்கிழமை பெயின்டரிடம் நம்பர் சொல்லிவிடலாம், பிரைமர் நன்றாகக் காய்ந்து உட்கார அந்த நாட்களும் உதவும். வேலை முடிந்ததும் மிச்சப் பெயின்ட்டில் அரை லிட்டரை இறுக்கமான மூடி உள்ள பாட்டிலில் வாய்வரைக்கும் ஊற்றி, கம்பெனி, ஷேட் நம்பர், பேஸ், எந்த மாதம் அடித்தது என்று மேலே எழுதி, வெயில் படாத அலமாரியில் வைத்துவிடுங்கள். காலண்டர் ஆணி பிடுங்கின ஓட்டைக்கும், சோபா முதுகு உரசின இடத்துக்கும் அடுத்த இரண்டு வருடத்துக்கு அதைத்தான் தேடப்போகிறீர்கள்.